வெள்ளிக்கிழமைகளில் மறைந்த கீறல்கள்

பேய், ஆவி என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடக் கூடாது. இருபத்திரண்டு வருடம் வளைகுடாவில் மரத்தரை போடுகிற வேலை பார்த்தவன். ஆள் குடிவராத பெரிய பெரிய வீடுகளில், பாலிஷ் காய்கிற வரைக்கும் யாரும் உள்ளே கால் வைக்கக் கூடாது என்று என்னை ஒருத்தனைக் காவலுக்கு விட்டுவிட்டுப் போவார்கள். தரை டக் டக்கென்று சத்தம் போடும், பலகை முனகும், யாரோ நடந்து வருகிற மாதிரியே இருக்கும். கூட வேலை பார்த்தவர்கள் ஓதிக்கொண்டே வெளியே ஓடியிருக்கிறார்கள். நான் குப்புறப் படுத்துத் தூங்குவேன். ஏசியை நிறுத்தினால் மரம் விரியும், போட்டால் சுருங்கும், அவ்வளவுதான் விஷயம். மரம் என்னென்ன சத்தம் போடும் என்று எனக்குத் தெரிந்த அளவுக்குக் காரைக்காலில் வேறு யாருக்கும் தெரியாது. பெருமைக்குச் சொல்லவில்லை. மரம் விரிகிற சத்தமாக இருக்கும் என்று நீங்கள் கடைசியில் சொல்லப் போகிறீர்கள், அதற்காகச் சொல்கிறேன்.

இன்னொன்று, இந்த மாதிரிக் கதை என்றால் நடுராத்திரி, மின்வெட்டு, நாய் ஊளை எல்லாம் எதிர்பார்ப்பீர்கள். என்னுடையதில் அதெல்லாம் கிடையாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒன்றரை மணி, தெரு முழுக்க வெயில், எதிர்வீட்டில் நெய்ச்சோறு தம் போடுகிற வாசனை. இந்த லட்சணத்தில்தான் நடந்தது.

என் மனைவி பெயர் ஆமினா. நான் குடியிருக்கிற வீடு அவளுடையது. எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை பெட்டியோடு வந்து சேர வேண்டியவன். நானும் அப்படி வந்து சேர்ந்தவன்தான். வந்த ஆறாம் மாதம் வளைகுடாவுக்குக் கிளம்பிவிட்டேன். அப்புறம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு, அதில் பாதி கல்யாண வீடு, மௌத்து வீடு என்று போய்விடும். ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது எனக்கு ஐம்பத்தைந்து வயது. அந்த வீட்டில் இது நான் செய்தது என்று காட்ட ஓர் ஆணிகூட இல்லை. அந்தக் குறைக்குத்தான் நடு ஹாலில் மரத்தரை போட்டேன்.

பழைய பங்களா ஒன்றை இடித்தபோது அதில் இருந்த தேக்கு உத்திரங்களை வாங்கி, அறுத்து, இழைத்து, பலகைக்குப் பலகை காடி எடுத்து, நானே மண்டி போட்டுக் கோத்தேன். என் மச்சினன் வந்து பார்த்துவிட்டு, ஊரெல்லாம் மார்பிள் போடுறாங்க, நீங்க கரையானுக்கு விருந்து வக்கிறீங்க மச்சான் என்று கிண்டல் செய்தான். செய்யட்டும் என்று விட்டேன். முடித்துப் பாலிஷ் போட்ட அன்றைக்கு ஆமினா வாசல்படியிலேயே நின்றுவிட்டாள். மிதிக்கவே மனசு வரலை என்றாள். எனக்கு அது போதும் என்று இருந்தது.

அவளுக்கு மனசு வராதது இருக்கட்டும், யாருக்குமே வராமல் நான் பார்த்துக்கொண்டேன். எங்கள் ஊரில் கடல்காற்று ஓயாது, காற்றோடு மணலும் வரும். குதிகாலுக்கு அடியில் ஒரு மணல் இருந்தால் போதும், பாலிஷில் கோடு விழுந்துவிடும். அதனால் வெளிவாசலில் ஒரு கயிற்று மிதியடி, உள்வாசலில் ஒரு துணி மிதியடி. வாளித் தண்ணீர் வைத்துத் துடைக்கக் கூடாது, பிழிந்த துணிதான். கட்டில், நாற்காலி எல்லாவற்றின் காலுக்கும் கம்பளியை வட்டமாக வெட்டி ஒட்டினேன். எதை நகர்த்தினாலும் தூக்கித்தான் வைக்க வேண்டும், இழுக்கக் கூடாது. பள்ளிவாசலுக்குப் போறதும் இவரு வீட்டுக்குப் போறதும் ஒண்ணுதான், காலைக் கழுவாம உள்ள விடமாட்டாரு என்று தெருவில் என்னைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சின்னக் கீறல் விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஆமினாவுக்கும் ஒருமுறை காட்டிக்கொடுத்தேன். அக்ரூட் பருப்பை ஒடித்து, உடைந்த பக்கத்தால் கீறல் மேல் தேய்த்தால் அதன் எண்ணெயும் நிறமும் கோட்டுக்குள் இறங்கிவிடும். ஆழமாக இருந்தால் தேன்மெழுகைச் சூடாக்கி இறக்க வேண்டும். எதுவானாலும் மரத்தின் ரேகை ஓடுகிற பக்கமாகத்தான் தேய்க்க வேண்டும், குறுக்கே தேய்க்கக் கூடாது, வட்டமாகத் தேய்க்கவே கூடாது. அவள் சட்டி கழுவுகிற கைக்காரி, வட்ட வட்டமாகத்தான் தேய்த்தாள். போதாததற்கு ஒரு சொட்டு தேங்காய் எண்ணெயும் விட்டாள். தேங்காய் எண்ணெய் மரத்தில் போனால் பத்து நாளில் சிக்கு வாடை அடிக்கும் என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நன்றாக இருந்த நாட்கள் அவை.

மூன்றாம் வருடம் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் இழுத்துக்கொண்டன. கால் ஓரளவுக்குத் திரும்பியது, கை பாதிதான் திரும்பியது. நடக்கப் பிடித்துக்கொள்ள ஆஸ்பத்திரியில் இரும்புக் குழாய் வைத்த வாக்கர் ஒன்று கொடுத்தார்கள். அதைப் பிடித்தால் சீக்காளி மாதிரி இருக்கிறது என்று மூலையில் வைத்துவிட்டு, முதுகு உயர்ந்த மர நாற்காலி ஒன்றை முன்னால் தள்ளித் தள்ளிக் கட்டிலிலிருந்து குளியலறைக்கும் ஜன்னலிலிருந்து அடுப்படிக்கும் நடந்தாள்.

கீறல் விழத்தான் செய்யும். நாற்காலிக் காலில் நான் ஒட்டிய கம்பளி இருந்தது, ஆனால் கம்பளி ஒட்டிய நாற்காலி பாலிஷ் தரையில் வழுக்கும். ஒரு தடவை அது முன்னால் ஓடி அவள் விழப் பார்த்தாள். அடுத்த நாள் அவளே ஒற்றைக் கையால் கம்பளியைப் பிய்த்துப் போட்டுவிட்டாள். அது எனக்குத் தெரியாது. தரையில் வெள்ளை வெள்ளையாகக் கோடுகளைப் பார்த்து, நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்து, அப்புறம்தான் தெரிந்தது. விழப் பார்த்தாயே, அடிபட்டதா என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்டது அதுவல்ல. யாரைக் கேட்டுப் பிய்த்தாய் என்று கேட்டேன்.

"இழுக்காத, தூக்கி வச்சு நட. எத்தன தடவ சொல்றது?" என்றேன்.

"கை ஓயுதுங்க" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

"ஓஞ்சா நில்லு. நின்னு நின்னு போ. ஒன்ன யாரு வெரட்டுறா?"

அன்றிலிருந்து தூக்கித்தான் வைத்தாள். அந்த நாற்காலி லேசான சாமான் அல்ல. தூக்கி ஒரு சாண் முன்னால் வைப்பாள், கால் ஒன்றை எடுத்து வைப்பாள், இழுத்துக்கொண்ட காலைச் சேர்ப்பாள், மறுபடி தூக்குவாள். நான் பார்க்காத நேரத்தில் முடியாமல் இழுத்திருப்பாள்போல, புதிதாக ஒன்றிரண்டு கோடுகள் இருக்கும், நான் வாயைத் திறப்பேன். ஒரு விஷயம் மட்டும் எனக்குப் புரியாமலே இருந்தது. சில கோடுகளை நாளைக்குப் பார்ப்போம் என்று விட்டுவைப்பேன், அப்புறம் தேடினால் இருக்காது. வெளிச்சத்தில் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று விட்டுவிடுவேன். அவள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவளையே அதட்டியிருக்கிறேன்.

போன வருடம் இரண்டாவது தடவை வந்தது. ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். இரண்டாம் நாள் கொஞ்சம் தெளிவு வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் ஏதாச்சும் தப்பு செஞ்சிருந்தா பொருந்திக்கங்க" என்றாள். எங்களுக்குள் கடைசியில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிற வார்த்தை அது. பொருந்திக்கிட்டேன் என்று சொல்லிவிட்டு, நீயும் என்னைப் பொருந்திக்கொள் என்று நான் கேட்க வேண்டும். முறை அதுதான். எனக்கு அது தெரியும். ஆனால் சொன்னால் அவள் போய்விடுவாள் என்று தோன்றியது. பேசாம படு, ஒன்றும் ஆகாது என்று போர்வையை இழுத்துவிட்டேன். மறுநாள் விடிகாலைச் சுபுஹு தொழுகைக்கு முன்னால் மௌத்தாகிவிட்டாள்.

அதற்கப்புறம் நான் செய்ததைச் சொல்லாமல் விட்டுவிட்டால் உங்களுக்கு மற்றது புரியாது. ஹாலில் கஃபன் துணி சுற்றி முடித்து, மையித்தைச் சந்தூக்குப் பெட்டியில் வைத்தாயிற்று. தூக்கிப் போகிறவர்கள் பெட்டியை வாசல் பக்கம் திருப்புவதற்காகத் தரையோடு கொஞ்சம் நகர்த்தினார்கள். சரக்கென்று ஒரு சத்தம். இழுக்காதீங்க, தூக்குங்க என்று நான் கத்திவிட்டேன். வாயில் தானாக வந்துவிட்டது. ஓதிக்கொண்டிருந்தவர்கள்கூட ஒரு நொடி நிறுத்திவிட்டார்கள். மச்சினன் என்னைப் பார்த்த பார்வையை நான் கபுருக்குப் போகிற வரைக்கும் மறக்க முடியாது.

புருஷன் இறந்தால் பெண்ணுக்கு இத்தா உண்டு, நான்கு மாதம் பத்து நாள், யாரும் எதற்கும் கூப்பிடாமல் ஓர் இடத்தில் இருக்கலாம். ஆணுக்கு அது கிடையாது. நான்காம் நாளே எல்லோரும் என்னைக் கடைத்தெருவுக்கு வா, டீ குடிக்க வா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். நான் போகவில்லை. ஹாலில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசி மாதங்களில் அவள் போட்ட கோடுகள் அப்படியே இருந்தன. பதினோரு கோடு. கட்டிலிலிருந்து குளியலறைக் கதவு வரைக்கும் ஆறு, அடுப்படிப் பக்கம் நான்கு, ஜன்னலடியில் நீளமாக ஒன்று. அவள் துணிமணியை எல்லாம் முறைப்படி கொடுத்துவிட்டோம். போட்டோ எடுத்துக்கொள்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. எனக்கு மிச்சம் இருந்தது அந்தப் பதினோரு கோடுதான். விரலால் தடவிக்கொண்டே போனால் அவள் எங்கே நின்றாள், எங்கே திரும்பினாள் என்று தெரியும். நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்கு முன்னால் தரையைத் தேய்த்துப் பாலிஷ் போட்டுவிடலாமா என்று என் மகள் சபீனா கேட்டாள். மாப்பிள்ளை கத்தாரில் இருக்கிறார், ஆமினா போனதிலிருந்து அவள் என்னோடுதான் இருக்கிறாள். எல்லாக் கோட்டையும் காட்டி, ஒருத்தரும் கை வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டேன். ஜென்மம் முழுக்க கீறல் கீறல் என்று கத்தியவன் இப்படிச் சொல்கிறேனே என்று அவள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

நாற்பது கழிந்த முதல் வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து வந்தேன். குளியலறைக் கதவுக்குப் பக்கத்தில் இருந்த கோட்டைக் காணவில்லை.

சபீனாதான் என்று சத்தம் போட்டேன். வாப்பா, நீங்க தொடக்கூடாதுன்னு சொன்னத நான் ஏன் தொடப்போறேன் என்று அவள் அழுதுவிட்டாள். அடுத்த வெள்ளி இன்னொன்று போனது. அதற்கடுத்த வெள்ளி சபீனாவைக் கூட்டிக்கொண்டு போய்க் கோவில்பத்தில் அவள் மாமியார் வீட்டில் விட்டேன், வாசலைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனேன். வந்து பார்த்தால் மூன்றாவதும் இல்லை.

ஈரக்காற்றில் மரம் உப்பி மூடிக்கொண்டிருக்கும் என்று சொல்கிறீர்களா? மரம் நசுங்கிய பள்ளம் என்றால் ஈரத்தில் உப்பும், உண்மைதான், நாங்களே ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டி வைத்து அப்படித்தான் எழுப்புவோம். இது பாலிஷை அறுத்துக்கொண்டு போன கோடு. அது தானாக மூடாது. குனிந்து, வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தேன். கோடு இருந்த இடத்தில் மங்கலாக வட்ட வட்டமாகத் தேய்த்த தடம் இருந்தது. மூக்கை வைத்துப் பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

அடுப்படிக்குப் போய் டப்பாக்களைத் திறந்து பார்த்தேன். வீட்டில் அக்ரூட் வாங்கி மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

வீட்டு வேலைக்கு நெடுங்காட்டிலிருந்து பஸ்ஸில் வருகிற வசந்தா எங்களிடம் ஆறு வருடமாக இருக்கிறாள். திங்கட்கிழமை அவளைக் கூப்பிட்டு, நீதான் செய்கிறாயா என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள், அந்த வட்டத் தடத்தைப் பார்த்தாள், முகம் வெளுத்துப்போய் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்புறம்தான் எனக்கு அந்த விஷயம் தெரிந்தது.

"அம்மா சத்தியம் வாங்கிட்டாங்க பாய், அதான் சொல்லல. மத்த நேரம் பள்ளிக்குப் போனா நீங்க கால் மணியில வந்துடுவீங்க. வெள்ளிக்கெழமதான் ஒன்றர மணி நேரம் ஆவும். நீங்க தெருவத் தாண்டினதும் நாக்காலியப் புடிச்சிக்கிட்டே கீழ எறங்கி உக்காந்துடுவாங்க. நான் செய்றேன்னா விடமாட்டாங்க. ஒத்தக் கையால தேய்ச்சு, பாய் வர்றதுக்குள்ள முடிக்கணும்னு வேர்த்து ஊத்தும். ஒரு கோடு முடிக்கத்தான் நேரம் இருக்கும். பொறவு நான்தான் தூக்கிவிடுவேன். கடைசியில ஒடம்பு எறங்க வுடல, அதான் இத்தன கோடு நின்னுபோச்சு" என்றாள்.

நான் பாய் விரித்து அல்லாஹ்வுக்கு முன்னால் குனிந்த நேரமெல்லாம் அவள் எனக்குப் பயந்து இங்கே குனிந்திருக்கிறாள்.

எங்கள் பள்ளிவாசலில் தொழவைக்கிற ஹஜ்ரத்திடம் யாருக்கோ கேட்கிற மாதிரி கேட்டேன். இறந்தவங்க ரூஹு இங்க திரும்பி வராது, சும்மா மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க, துஆ செய்ங்க என்றார். அவர் சொன்னதுதான் சரி. நானும் அதைத்தான் நம்புகிறேன். அதை நம்பிக்கொண்டேதான் உங்களிடம் இதையும் சொல்கிறேன், இரண்டும் எப்படி ஒரே மண்டையில் இருக்கிறது என்று கேட்காதீர்கள்.

பயமா என்று கேட்டால் இல்லை. பதற்றம். வாரம் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தது. வியாழன் சாயங்காலம் ஆனால் நாளைக்கு எது போகுமோ என்று ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். எனக்கு மிச்சமிருக்கிற ஆமினாவை ஆமினாவே அழித்துக்கொண்டிருந்தாள். அதைவிட மோசம், நான் திட்டுவேன் என்று அங்கே போயும் அவளுக்குப் பயம் விடவில்லை என்பது. அவள் என்னைப் பொருந்திக்கொண்டாளா இல்லையா என்று நான் யாரைக் கேட்பது?

பத்துக் கோடும் போய்விட்டன. ஜன்னலடியில் இருந்த நீளக் கோடு ஒன்றுதான் பாக்கி. அந்த வெள்ளிக்கிழமை நான் ஜும்மாவுக்குப் போகவில்லை. நல்ல உடம்போடு ஊரில் இருந்துகொண்டு நான் விட்ட ஒரே ஜும்மா அதுதான், அல்லாஹ் மன்னிக்கட்டும். சபீனா கோவில்பத்துக்குப் போயிருந்தாள், வசந்தா பதினொரு மணிக்கே வேலையை முடித்துவிட்டுப் போய்விட்டாள், வெள்ளிக்கிழமை மத்தியானத்தில் அவள் இப்போதெல்லாம் நிற்பதில்லை. வழக்கம்போலக் கைகால் கழுவி ஒளு செய்து, சட்டை மாற்றி, தொப்பி வைத்து, வாசல்கதவை ஓசையோடு திறந்து மூடினேன். ஆனால் வெளியே போகவில்லை. உள்பக்கமாகவே நின்று, சத்தமில்லாமல் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். கட்டின பெண்டாட்டியை ஏமாற்றுவதற்கு இத்தனை ஏற்பாடு.

பாங்கு சொன்னார்கள். தெரு காலியானது. ஒலிபெருக்கியில் ஹஜ்ரத்தின் பயான் பேச்சு ஆரம்பித்தது. மர நாற்காலி ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவரோரமாக இருந்தது, அது என் கண்ணைவிட்டு அகலவே இல்லை, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜன்னல் வெயில் தரையில் கட்டமாக விழுந்திருந்தது, அந்த வெள்ளைக் கோடு அதற்கு நடுவில் நன்றாகத் தெரிந்தது. கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. எனக்கே வெட்கமாக இருந்தது, எழுந்து ஓடினால் தொழுகையையாவது பிடிக்கலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் மூச்சுச் சத்தம் கேட்டது. கீழே உட்காரும்போது அவளுக்கு ஒரு சத்தம் வரும், வலது முழங்கால் முதலில் இறங்கும், அப்போது ம்ஹும் என்று ஒன்று, அப்புறம் இடது காலைக் கையால் பிடித்து நகர்த்தும்போது இன்னொன்று. இரண்டும் அதே வரிசையில் வந்தன. பிறகு தேய்க்கிற சத்தம். உப்புத்தாள் தேய்க்கிற சத்தம் வேறு, துணி தேய்க்கிற சத்தம் வேறு, பருப்புத் தேய்க்கிற சத்தம் வேறு, இதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. அந்தக் கோட்டின் ஒரு முனை ஈரம் பட்ட மாதிரி கறுத்தது. கறுப்பு ஒரு விரற்கடை நகர்ந்தது. இன்னும் ஒரு விரற்கடை. அது கடந்து போன இடத்தில் கோடு இல்லை. இடையிடையே நின்று மூச்சு வாங்குகிற சத்தம், அவசரமான மூச்சு, நேரத்துக்குள் முடிக்க வேண்டியவளின் மூச்சு.

என்னைப் பொருந்திக்கொள் என்று கேட்கத்தான் நான் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ நாளாகச் சொல்லிப் பார்த்துவைத்திருந்த வார்த்தை. பாதிக் கோடு போய்விட்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"விடு புள்ள. போதும், விடு" என்றேன். அதட்டுகிற குரலில்தான் வந்தது. அந்தக் குரல்தான் எனக்குப் பழக்கம்.

தேய்க்கிற சத்தம் நின்றது. மூச்சுகூட நின்றது. திடுக்கிட்டுப் போனவள் அப்படித்தான் மூச்சைப் பிடிப்பாள். அப்புறம் தட்டுத்தடுமாறி எழுந்திருக்கிற சத்தம், தூக்கிவிட ஆளில்லாமல் எழுந்திருக்கிற சத்தம். நான் கட்டிலை விட்டு எழவில்லை. ஏன் எழவில்லை என்று கேட்டால் எனக்கே தெரியாது.

டக்.

நாற்காலியின் நான்கு காலும் ஒன்றாகத் தரையில் படுகிற சத்தம். நாற்காலி சுவரோரத்தில் இருந்த இடத்திலேயே இருந்தது. சத்தம் மட்டும் ஜன்னலிலிருந்து கிளம்பி அடுப்படிப் பக்கம் போனது. டக். ஒரு கால் எடுத்து வைக்கிற சத்தம், இன்னொரு கால் வந்து சேர்கிற சத்தம். மறுபடி டக். இழுக்கவில்லை. தூக்கித் தூக்கித்தான் வைத்தாள்.

அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்று, "இழுத்துக்கிட்டே போ ஆமினா. கோடு விழுந்தா விழட்டும். இழுத்துக்கிட்டே போ" என்று அழுதுகொண்டே சொன்னேன். எத்தனை தடவை சொன்னேனோ தெரியாது. சத்தம் மாறவே இல்லை. தூக்கி வைத்தாள், நடந்தாள், நின்றாள், தூக்கி வைத்தாள். அடுப்படி வாசற்படியில் கடைசியாக ஒரு டக். அதற்கப்புறம் ஒன்றும் கேட்கவில்லை. பொருந்திக்க என்று நான் கேட்டது அந்தக் காலி ஹாலில்தான். பள்ளியில் தொழுகை முடிந்து சலாம் கொடுத்து ஆட்கள் தெருவில் பேசிக்கொண்டு வர ஆரம்பித்திருந்தார்கள்.

இதெல்லாம் நடந்து எட்டு மாதம் ஆகிறது. ஜன்னலடிக் கோடு பாதி மறைந்தபடி அப்படியே இருக்கிறது, மீதிப் பாதி போகவே இல்லை. சபீனாவிடம் சொன்னேன், அவள் நம்பினாளா என்று தெரியவில்லை, ஆனால் என்னைக் கட்டிக்கொண்டாள். நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் பள்ளிக்குக் கிளம்புமுன் அந்த நாற்காலியை நானே ஹால் முழுக்க இழுத்துவிட்டுத்தான் போகிறேன். தரை பார்க்கச் சகிக்காது. வந்து பார்த்தால் நான் போட்ட கோடுகள் ஒன்றுகூடக் குறையாமல் இருக்கும். விடு என்று நான் சொன்னது அவளுக்குக் கேட்டது, உடனே விட்டுவிட்டாள். இழுத்துக்கொண்டு போ என்று சொன்னது கேட்கவில்லையா, கேட்டும் என்னை நம்பவில்லையா என்பது எனக்குத் தெரியவில்லை.

தூக்கம் வராதபோது நான் நினைத்துக்கொண்டு படுத்திருப்பது இன்னொன்றை. ஜன்னலிலிருந்து அடுப்படி வாசலுக்குப் பதினான்கு அடி, நானே அளந்து பலகை போட்ட இடம். அந்தப் பதினான்கு அடிக்குள் அன்றைக்கு அவள் ஐந்து தடவை நின்றாள். நின்று, மூச்சு வாங்கி, அப்புறம்தான் நாற்காலியைத் தூக்கினாள். உயிரோடு இருந்தபோது எத்தனை தடவை நிற்பாள் என்று எனக்குத் தெரியாது. தினமும் என் முன்னால்தான் நடந்தாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.